அட்டை வேற, ஓட்டு வேற: கட்சி சாராத வாக்காளர் என்பவர் யார்?

மதுரை செல்லூரில் எங்கள் தெரு முனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவிடம் மூன்று கட்சிகளின் உறுப்பினர் அட்டை இருக்கிறது. ஒன்று அவர் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாங்கியது. லேமினேஷன் ஓரம் பிரிந்துவிட்டது. இன்னொன்று மகளிர் குழு வழியாக வந்தது. மூன்றாவது செல்போனுக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ செயலியில் பெயரைப் போட்டு, போட்டோவையும் எடுத்து ஏற்றிவிட்டான். "எதுக்குக்கா மூணு?" என்று கேட்டேன். தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே, "குடுத்தாக, வாங்கி வச்சேன். அட்ட வேற, ஓட்டு வேற தம்பி" என்றார்.

வெளிநாட்டுச் செய்திகளில் 'கட்சிகளில் உறுப்பினர்கள் குறைகிறார்கள், சுயேச்சை வாக்காளர்கள் கூடுகிறார்கள்' என்று அடிக்கடி வருகிறது. அதைப் படித்துவிட்டு அக்காவின் மூன்று அட்டைகளைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கே உறுப்பினர் எங்கே குறைந்தார்கள்? ஒரே ஆள் மூன்றாக அல்லவா இருக்கிறார்!

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்து கொள்ளலாம். 'சுயேச்சை' என்றதும் நம் மனதில் வருவது வேட்பாளர். வாக்குப்பதிவு இயந்திரத்தில் கீழ்வரிசையில் ஏதோ ஒரு சின்னத்தோடு நின்று டெபாசிட்டை விட்டுவிட்டுப் போகிறவர். இங்கே பேசுவது அவரைப் பற்றி அல்ல, ஓட்டுப் போடுகிறவரைப் பற்றி. எந்தக் கட்சியையும் 'நம்ம கட்சி' என்று சொல்லாதவர், ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக முடிவெடுப்பவர். அவரைக் கட்சி சாராத வாக்காளர் என்று சொல்லலாம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'பொதுவான ஆளு'. நோட்டாவுக்குப் போடுகிறவரும் இவரும் ஒன்றல்ல. 2013-ல் வந்த நோட்டா, யாருமே வேண்டாம் என்று பதிவு செய்வதற்கு. பொதுவான ஆள் கண்டிப்பாக யாருக்காவது போடுவார். யாருக்கு என்பதுதான் கடைசி வாரம் வரை அவருக்கே தெரியாது.

அடுத்து, மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். உறுப்பினர் என்பது ஏட்டில் இருக்கும் பெயர். சார்பு என்பது மனதில் இருப்பது. 'நாங்க எப்பவும் எலதான்' என்று ஒருவர் சொல்கிறாரே, அது. ஓட்டு என்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விரல் செய்கிற வேலை.

என் தாத்தாவுக்கு இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கிளைக் கழகத்தில் உறுப்பினர். சாயங்காலம் ஆனால் படிப்பகத்துக்குப் போய்விடுவார். எழுத்துத் தெரிந்த ஒருவர் கட்சிப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டுக் கல்யாணத்துக்குத் தலைமை கட்சிக்காரர், பிள்ளைக்குப் பெயர் வைத்தது கட்சித் தலைவர். 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது தாத்தா ஒரு பக்கம், அவர் தம்பி மறுபக்கம். அடுத்த வருஷமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாக ஜெயித்தது. அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பாட்டி மட்டும் பின்வாசல் வழியாகக் குழம்பு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். கட்சி என்றால் அன்று அவ்வளவு. யாருக்கு ஓட்டு என்று தாத்தாவிடம் கேட்டால், உன் பெயர் என்ன என்று கேட்டதுபோலப் பார்ப்பார்.

அந்தக் கயிறு எப்படி அவிழ்ந்தது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக அவிழ்ந்திருக்கிறது.

ஏடு மெலிந்த நாடுகள்

பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 1953-ல் சுமார் 28 லட்சம் உறுப்பினர்கள். கட்சியே சொன்ன கணக்கு, கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனாலும் பெரிய எண்தான். அதே காலத்தில் லேபர் கட்சியில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் 10 லட்சம் பேர். அவர்கள் எல்லோரும் கொள்கைக்காகச் சேர்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கட்சி கிளப்பில் மாலை நேரம் போகும். இளைஞர் பிரிவு நடனங்களில் வரன் அமையும். தாத்தாவின் படிப்பகம்தான், மேலே கூரை மட்டும் வேறு. டிவி வந்தது, கார் வந்தது, தொழிற்சங்கங்கள் மெலிந்தன, அப்பா வேலை பார்த்த அதே ஆலைக்கு மகன் போவது நின்றது. கட்சி அலுவலகத்தில் மாலையைக் கழிக்க வேண்டிய தேவை போயிற்று. 2024-ல் கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தலில் ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் பேர். அதே நாட்டில் பறவைகளைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றில் 10 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியிலும் இதே கதை. சமூக ஜனநாயகக் கட்சியில் 1970-களின் நடுவில் 10 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது 4 லட்சத்துக்கும் கீழே.

இறக்கம் நேர்கோடாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-ல் ஜெரமி கார்பின் தலைமைக்கு வந்ததையொட்டி லேபர் கட்சி திடீரென்று 5 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அப்படி ஒரு தலைவருக்காக வந்தவர்களில் நிறையப் பேர் அவர் போனதும் போய்விட்டார்கள். பழைய உறுப்பினர் என்பவர் குடும்பச் சொத்து மாதிரி; புதிய உறுப்பினர் செல்போன் ரீசார்ஜ் மாதிரி. வேலிடிட்டி முடிந்தால் அவ்வளவுதான்.

அமெரிக்கா தனி ரகம். அங்கே இரண்டு பெரிய கட்சிகளிலும் சந்தா கட்டி அட்டை வாங்கும் நம் ஊர்ப் பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக, பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும் படிவத்திலேயே 'எந்தக் கட்சி?' என்று ஒரு கேள்வி இருக்கும். எந்தக் கட்சியும் இல்லை என்றும் குறிக்கலாம். நம் வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண் உண்டு. கட்சிக்கு ஒரு பத்தி இல்லை. அப்படி ஒன்று இருந்தால் நம் தெருவில் என்னவாகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இல்லாததே நல்லது.

எதற்கு அந்தக் கேள்வி? வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது என்பதற்காக. நம் ஊரில் விருப்ப மனு கொடுத்து, பணம் கட்டி, தலைமை அலுவலகத்தில் நேர்காணலுக்கு உட்கார வேண்டும். பிறகு பட்டியல் வரும். அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்வதற்கே முதலில் ஒரு மக்கள் ஓட்டு நடக்கும். நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்சி என்று பதிவு செய்தவர்கள் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். கட்சி குறிக்காதவருக்கு அதில் இடமில்லை. இரண்டு பக்கமும் யாரோ சமைத்து வைத்ததில் ஒன்றை நவம்பரில் சாப்பிட வேண்டியதுதான். கலிபோர்னியாவில் 2010-ல் மக்களிடமே கேட்டு இதை மாற்றினார்கள். அதிபர் தேர்தல் தவிர்த்த பெரும்பாலான பதவிகளுக்கு எல்லா வேட்பாளரும் ஒரே முதல் சுற்றில் நிற்பார்கள், எல்லோரும் ஓட்டுப் போடலாம், முதல் இரண்டு பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்.

அங்கே கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வருஷக்கணக்காக மக்களிடம் கேட்டுவருகிறது. 2023-ல் தங்களைக் கட்சி சாராதவர் என்று சொன்னவர்கள் 43 சதவீதம். குடியரசுக் கட்சி என்றவர்கள் 27, ஜனநாயகக் கட்சி என்றவர்களும் 27. பொதுவான ஆட்கள்தான் பெரிய கட்சி என்று தலைப்புப் போட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: 'சரி, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?' அதைக் கேட்டவுடன் அந்த 43-ல் பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே எந்தப் பக்கமும் சாயாதவர்கள் பத்துக்கு ஒருவர் அளவுதான் மிஞ்சுகிறார்கள். இவர்களில் பலரும் கட்சியை விட்டதைவிட, கட்சியின் பெயரைச் சொல்லிக்கொள்வதை விட்டார்கள் என்பதே சரி. கருத்துக்கணிப்பைப் பார்க்கும்போது என்ன கேள்வி கேட்டார்கள் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏடு வீங்கிய ஊர்

இனி நம் பக்கம். அங்கே ஏடு மெலிகிறது என்றால் இங்கே வீங்குகிறது.

பாரதிய ஜனதா மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று 2014 கடைசியில் தொடங்கி, 2015-ல் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. அதிமுக 2 கோடிக்கு மேல் என்கிறது. திமுக 2025-ல் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 30 சதவீத வாக்காளர்களைச் சேர்ப்பது என்று இலக்கு வைத்து 'ஓரணியில் தமிழ்நாடு' என்று வீடு வீடாகப் போனது. அந்தச் சேர்க்கையில் செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்பதற்கு அந்த ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. நாலணா கொடுத்து காங்கிரஸில் சேர்ந்த காலத்திலிருந்து ஓடிபி காலம் வரைக்கும் வந்துவிட்டோம். காங்கிரஸ் அன்று, 1921-ல், ஒரு கோடி உறுப்பினர் என்று இலக்கு வைத்தது. அந்தக் கட்சியைவிட்டு 1934-ல் விலகிய காந்தி, கடைசிவரை நாலணா உறுப்பினராகக்கூட இல்லை. அட்டை இல்லாமலும் கட்சியை நடத்தலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இந்த எண்களை யார் சரிபார்க்கிறார்கள்? யாரும் இல்லை. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளின்படி ஒரு கட்சியைப் பதிவு செய்ய, உறுப்பினர் கணக்கில் வாக்காளர்களாக உள்ள 100 பேரைக் காட்டினால் போதும். பதிவுக்குத் தேவை நூறு, சுவரொட்டிக்குத் தேவை கோடி. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம்கூட உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துத் தருவதில்லை. வாங்கிய ஓட்டையும் ஜெயித்த இடங்களையும் பார்த்துத்தான். நாம் தமிழர் கட்சி 2024-ல் 8 சதவீத ஓட்டைத் தாண்டியதால் அந்த அங்கீகாரம் பெற்றது.

ஏட்டையும் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் இரட்டை இலைக்குத் தமிழ்நாடு முழுக்க விழுந்தது 90 லட்சத்துக்கும் குறைவு. கூட்டணிக்கு விட்ட சில தொகுதிகளைக் கழித்தாலும் 2 கோடிக்கு வெகு தூரம். இது அந்த ஒரு கட்சியின் கதை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். எல்லாக் கட்சி ஏட்டிலும் எங்கள் இட்லிக்கடை அக்கா இருக்கிறார்.

ஏடு இப்படி இருக்காத கட்சிகளும் உண்டு. மார்க்சிஸ்ட் கட்சியில் முதலில் பரீட்சார்த்த உறுப்பினராக இருந்து, பிறகுதான் முழு உறுப்பினர். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். வருமானத்துக்கு ஏற்ப லெவி என்ற கட்சிப் பங்குத்தொகை கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் அவர்களுடைய அகில இந்திய மாநாடு நம் மதுரை தமுக்கத்தில் நடந்தபோது இந்தியா முழுக்க உறுப்பினர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். மிஸ்டு கால் கணக்கின் பக்கத்தில் இது துளி. ஆனால் 2024-ல் மதுரை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தது அந்தக் கட்சி. அந்த 4 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டில் எத்தனை அட்டைக்காரர்களுடையது? சொற்பம். கூட்டணியும் பொதுவான ஆளும் சேர்ந்து போட்டதுதான் மீதி.

தேனியில் ஒரே நாளில் இரண்டு பொத்தான்

கட்சி சாராத வாக்காளர் இருக்கிறார் என்று எப்படி நிரூபிப்பது? ஓட்டு ரகசியம். ஆனால் 2019 ஏப்ரல் 18 அன்று நம் பக்கத்திலேயே ஒரு தடயம் விழுந்தது. தேனி மக்களவைத் தொகுதிக்குள் நம் சோழவந்தானும் உசிலம்பட்டியும் வருகின்றன. ஆண்டிபட்டியும் பெரியகுளமும் வருகின்றன. பின்சொன்ன இரண்டு ஊர்களுக்கும் அன்றே சட்டமன்ற இடைத்தேர்தல். ஒரே சாவடி, ஒரே வாக்காளர், இரண்டு இயந்திரம். சட்டமன்றத்துக்கு இரண்டு ஊரிலும் திமுக ஜெயித்தது. ஆண்டிபட்டியில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றது தனிக்கதை. என் தாத்தா இருந்திருந்தால் ரசித்திருப்பார். தேனி மக்களவைக்கோ அதிமுக ஜெயித்தது. திமுக அணி தமிழ்நாட்டில் தோற்ற ஒரே இடம் அதுதான். மாநிலம் முழுக்கவே அந்தத் தேர்தலில் 39-ல் 38 இடம் ஒரு அணிக்குப் போக, 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 இடம் கொடுத்து எடப்பாடி ஆட்சியை நிற்க வைத்தார்கள். வேட்பாளர், கூட்டணி, சாதி, பணம், எல்லாம் இதில் உண்டுதான். ஆனால் சின்னம் மட்டுமே பார்த்துக் குத்துகிறவர்களால் மட்டும் இப்படி ஒரு முடிவு வராது.

இன்னொரு தடயம், புதுக்கட்சிகள். விஜயகாந்த் 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கினார். எட்டு மாதத்தில் வந்த தேர்தலில் நூற்றுக்கு எட்டுப் பேர் அவர் கட்சிக்குப் போட்டார்கள். பிறந்து எட்டு மாதமே ஆன கட்சிக்குப் பரம்பரை ஓட்டு ஏது? அவர்கள் எல்லாம் அதற்கு முன்பே தளர்ந்து நின்றவர்கள். 2016-ல் அதே கட்சிக்கு இரண்டரை சதவீதம்கூட வரவில்லை. வந்த வேகத்திலேயே போனார்கள். கமல்ஹாசன் 2018-ல் கட்சியை அறிவித்ததும் ஒத்தக்கடையில்தான்; விஜய் 2025-ல் இரண்டாவது மாநாடு போட்டது பாரப்பத்தியில். மதுரைக்கு வந்து கூட்டம் காட்டுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கூட்டம் சார்பா, ஓட்டா, வேடிக்கையா என்பது எண்ணும் நாளில்தான் தெரியும்.

சரி, இங்கே கயிறு ஏன் அவிழ்ந்தது? தலைவர்களே முதலில் அவிழ்த்தார்கள் என்பார்கள் டீக்கடையில். திருப்பரங்குன்றத்தில் 2019-ல் உதயசூரியனில் ஜெயித்த ஒருவர் 2021-ல் மதுரை வடக்கில் தாமரையில் நின்றார், 2024-ல் மதுரை மக்களவைக்கு இரட்டை இலையில் நின்றார். வேட்பாளரே இப்படி இருக்கும்போது வாக்காளருக்கு மட்டும் என்ன கற்பு?

என் கணிப்பு வேறு. முன்பு ரேஷன் கார்டோ முதியோர் பென்ஷனோ வேண்டுமென்றால் கரைவேட்டி கட்டிய ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப் போவார். அந்த நன்றி ஓட்டாக மாறும், ஓட்டு பழக்கமாக மாறும். இன்று இ-சேவை மையத்தில் பணம் கட்டி விண்ணப்பிக்கிறோம். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை நேரே வங்கிக் கணக்கில் விழுந்தது. கொடுப்பது அரசு என்று தெரிகிறது, நடுவில் நின்ற வட்டச் செயலாளர் மறைந்துவிட்டார். நன்றி முதலமைச்சருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். தெருவில் இருக்கும் கட்சிக்குப் போவதில்லை. வீட்டுப் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். படிப்பகம் இருந்த இடத்தில் செல்போன் கடை.

ஒரு எச்சரிக்கை: கட்சி சாராதவர் என்றால் எதையும் சாராதவர் என்று பொருளல்ல. கட்சி விட்ட இடத்தைச் சாதிச் சங்கம் பிடிக்கலாம், கையில் வரும் கவர் பிடிக்கலாம். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்குத் 'திருமங்கலம் பார்முலா' என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியதை நாம் மறக்க முடியாது. தாத்தாவின் ஓட்டை விலைக்கு வாங்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தளர்ந்த ஓட்டுக்குத்தான் விலை.

ஏடு மெலிவதிலும் ஆபத்து இருக்கிறது. 2022-ல் பிரிட்டனில் பிரதமர் நடுவில் விலகியபோது, அடுத்தவரை ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். லிஸ் டிரஸ் பெற்றது 81,326 ஓட்டு. ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டுக்குப் பிரதமர்! மதுரை மாநகராட்சியின் சில வார்டுகளைச் சேர்த்தாலே அந்த எண்ணிக்கையில் வாக்காளர்கள் வந்துவிடுவார்கள்.

இனி, ஆரம்பத்தில் விட்ட கேள்வி. அங்கே குறைவது தெரிகிறது, இங்கே ஏன் தெரிவதில்லை? பிரிட்டனில் சந்தா நின்றால் பெயர் போய்விடும். அமெரிக்காவில் படிவத்தை மாற்றிக் கொடுத்தால் கணக்கில் ஏறும். மார்க்சிஸ்ட் கட்சியில் புதுப்பிக்காவிட்டால் நீங்கள் இல்லை. நம் ஊர்ப் பெரிய கட்சிகளில் சேர்வதற்கு முகாம், செயலி, மிஸ்டு கால் எல்லாம் உண்டு. மனம் மாறியவர் சத்தமில்லாமல் வெளியேற ஒரு முகாம் போட்டு நான் பார்த்ததில்லை. கட்சி மாறுகிறவர் ஏட்டிலிருந்து போவதில்லை, இன்னொரு ஏட்டிலும் ஏறுகிறார். இதை அக்காவிடம் சொன்னபோது சட்னிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அவுக போயி பத்து வருசமாச்சே, அவுக பேரும் இன்னும் அதுல இருக்குமா தம்பி?"